குறைந்த கிலோ எங்கே போனது?

உங்களுக்குத் தெரிந்த யாராவது ஒருவர் அண்மையில் ஐந்து கிலோ இளைத்திருப்பார். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருப்பார். பழைய சட்டை தோளில் தொங்கும். ஐந்து கிலோ என்றால் ஓர் அரிசிப் பை. அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அவ்வளவு எடை அவர் உடம்போடு ஒட்டியிருந்தது, இன்று இல்லை. எந்த வழியாக வெளியே போனது?

வியர்வையாகப் போயிருக்கும் என்பார்கள் சிலர். கழிவறையில் போயிருக்கும் என்பார்கள் வேறு சிலர். கொஞ்சம் அறிவியல் படித்தவர்கள், கொழுப்பு எரிந்து சக்தியாகிவிட்டது என்பார்கள். ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் இதே கேள்வியை 150 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். கேட்கப்பட்டவர்கள் மருத்துவர்கள், உணவியல் வல்லுநர்கள், உடற்பயிற்சியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் சொன்னதும் இந்தக் கடைசி விடைதான். 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரையில், அது ஏன் தவறு என்று இருவரும் விளக்கினார்கள்.

கொழுப்பு எரியும்போது சக்தி கிடைப்பது உண்மை. ஆனால் அது அணுக்கள் பிரிந்து வேறு விதமாகச் சேரும்போது வெளிப்படும் சக்தி. அணுக்கள் அழிவதில்லை. ஐந்து கிலோ அணுக்கள் ஐந்து கிலோவாகவேதான் எங்கோ போயிருக்க வேண்டும்.

தராசில் தொங்கிய நாற்காலி

காணாமல் போகும் எடையைத் தேடி ஒருவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறார். இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்த சாந்தோரியோ. பெரிய தராசு ஒன்றில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தே சாப்பிட்டார். உண்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் நிறுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இதைத் தொடர்ந்து, 1614இல் நூலாக வெளியிட்டார்.

அவர் கண்டது வியப்பானது. ஒரு நாளில் எட்டு பவுண்டு உள்ளே போனால், மலமும் சிறுநீருமாகக் கண்ணுக்குத் தெரிந்து வெளியேறுவது மூன்று பவுண்டுதான். மீதி ஐந்து பவுண்டு, யாரும் பார்க்காமலே உடம்பைவிட்டுப் போய்விடுகிறது. தோலிலிருந்தும் வாயிலிருந்தும் கிளம்பும் புலப்படாத ஆவி என்று அவர் அதை விளக்கினார். கரியமில வாயு என்று ஒன்று இருப்பதே அறியப்படாத காலம் அது. பெயர் தெரியாமலே பொருளைச் சரியாக நிறுத்துவிட்டார்.

பெயர் தெரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1780களில் பாரிசில் விஞ்ஞானிகள் லவோய்சியேவும் லாப்லாஸும் சீமைப் பெருச்சாளி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் வெப்பத்தில் எவ்வளவு பனி உருகுகிறது, அது எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறது என்று அளந்தார்கள். கரி எரியும்போது நடப்பதும் மூச்சில் நடப்பதும் அடிப்படையில் ஒன்றே என்ற முடிவுக்கு வந்தார்கள். உயிருள்ள உடம்பு மெதுவாக எரிந்துகொண்டிருக்கிறது. சுவடு தெரியாமல் சாந்தோரியோவின் தராசைவிட்டு இறங்கிப்போன எடையில் ஒரு பகுதி, இந்த எரிதலின் மிச்சம்.

ஒரு கிலோவைப் பிரித்துப் பார்ப்போம்

உடம்பில் சேமிக்கப்படும் கொழுப்புக்கு ட்ரைகிளிசரைடு என்று பெயர். சராசரியாக அதன் ஒரு மூலக்கூறில் 55 கார்பன் அணுக்கள், 104 ஹைட்ரஜன் அணுக்கள், 6 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கும். வேறு எதுவும் கிடையாது. எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகிறது, ஹைட்ரஜன் தண்ணீராகிறது. அவ்வளவுதான்.

ஒரு கிலோ கொழுப்பு முழுதும் எரிய 2.9 கிலோ ஆக்சிஜனை மூச்சில் இழுக்க வேண்டும். விளைவாக 2.8 கிலோ கரியமில வாயுவும் 1.1 கிலோ தண்ணீரும் உண்டாகும். கூட்டிப் பார்த்தால் உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரியாக இருக்கும். எடை குறைந்த அந்த ஒரு கிலோவை மட்டும் தனியே பின்தொடர்ந்தால், 840 கிராம் மூச்சுக்காற்றில் கரியமில வாயுவாகப் போகிறது. மிச்சமுள்ள 160 கிராம் தண்ணீராகி வியர்வை, சிறுநீர், மூச்சின் ஈரம் என்று பிரிந்து போகிறது.

நாம் இளைப்பது, பெரும்பாலும், நுரையீரல் வழியாக.

ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சில் வெளியேறும் கார்பன் சுமார் 9 மில்லிகிராம். ஒரு நாளைத் தூக்கம், ஓய்வு, லேசான வேலை என்று கழித்தால்கூட, ஏறத்தாழ 200 கிராம் கார்பன் இப்படிப் போய்விடும். அதில் ஏறத்தாழ கால் பங்கு தூக்கத்தில். வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால் சோதித்துப் பாருங்கள். இரவு படுக்கும் முன் நின்று பார்த்துவிட்டு, காலையில் கழிவறை போகும் முன்னாலேயே மறுபடி ஏறி நின்றால் சில நூறு கிராம் குறைந்திருக்கும். இரவெல்லாம் மூச்சிலும் தோலிலும் போன நீரும் கார்பனும் சேர்ந்த எடை அது. சாந்தோரியோ நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததும் இதைத்தான்.

இதைக் கேட்டதும் உடனே ஓர் ஆசை எழும். வேகவேகமாக மூச்சு விட்டால் போதுமே! போதாது. மூச்சு என்பது எரிந்ததை வெளியேற்றும் வழி மட்டுமே. தசையில் எரிதல் கூடாமல் மூச்சை மட்டும் கூட்டினால், இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் கரியமில வாயுதான் அளவுக்கு மீறி வெளியேறும். தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். பிராணாயாமம் மனத்தை அமைதிப்படுத்தலாம். அதனால் தொப்பை குறையும் என்று சொல்லி வகுப்பு நடத்துபவர்களை நம்பாதீர்கள். உடம்பில் இருக்கும் கார்பனைக் குறைக்க இரண்டே வழி: உள்ளே போவதைக் குறைப்பது, உள்ளே இருப்பதை அதிகமாக எரிப்பது.

இந்த இரண்டில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

தாம்பரத்து வங்கி ஊழியர்

தாம்பரத்தில் வசிக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 45, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. வங்கியில் நாள் முழுக்க நாற்காலி வேலை. அவர் உடம்பு சும்மா இருப்பதற்கே, அதாவது இதயம் துடிக்க, மூளை இயங்க, சூடு குறையாமல் இருக்க, ஒரு நாளைக்குச் சுமார் 1,600 கலோரி வேண்டும். இதை ஓய்வுச் செலவு என்று அழைப்போம். நடமாட்டம், செரிமானம் எல்லாம் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 2,250. (பேச்சு வழக்கில் கலோரி என்று நாம் சொல்வது அறிவியலில் கிலோ கலோரி. இங்கும் வழக்கையே பின்பற்றுகிறேன்.)

டாக்டர் சொன்னதும் அவர் நடக்கத் தொடங்குகிறார். தினமும் காலை முக்கால் மணி நேரம், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம். நல்ல நடைதான். அந்த நேரத்தில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதைக் கழித்துவிட்டால், நடையினால் கூடுதலாகச் செலவானது சுமார் 150 கலோரி. கொழுப்புத் திசு ஒரு கிலோவில் அடங்கியிருப்பது 7,700 கலோரி. ஆக, ஒரு கிலோ குறைய அவர் ஐம்பது நாளுக்கு மேல் நடக்க வேண்டும். மாதம் முப்பது நாளும் தவறாமல் நடந்தால் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும்.

அதுவும் நடை முடிந்ததும் நண்பர்களோடு கடை வாசலில் நிற்காமல் இருந்தால். ஒரு மெதுவடையில் அதன் அளவைப் பொறுத்து 100 முதல் 150 கலோரி. பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த காபியில் இன்னொரு 100. நடந்து செலவழித்த முக்கால் மணி நேரத்தை ஐந்து நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிடலாம். நடப்பவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்வதில்லை. உழைத்த உடம்புக்குக் கூடுதலாகப் பசிக்கும். உழைத்தோம் என்ற எண்ணம் அந்தப் பசிக்கு அனுமதி கொடுக்கும்.

இப்போது அதே மனிதரின் சாப்பாட்டைப் பார்ப்போம். மதியச் சோற்றில் 100 கிராம் குறைத்தால் 130 கலோரி குறையும். சமையலில் அவர் பங்குக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் குறைந்தால் இன்னொரு 120. ஒரு நாளைக்குக் குடிக்கும் மூன்று காபியிலும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையைக் குறைத்தால் 60. ஆக மொத்தம் 310. கால் வலிக்காமல், இரண்டு நடைகளின் அளவு மிச்சமாகிவிட்டது.

எண்ணெயைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நம் வீடுகளில் அரிசியைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறோம். எண்ணெய் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாளிப்பிலும் பொரியலிலும் தோசையின் ஓரத்திலும் மறைந்துகொள்கிறது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயில் இருப்பது சுமார் 8,200 கலோரி. நம் உடம்பின் கொழுப்புத் திசு ஒரு கிலோவில் இருப்பதைவிட அதிகம். மாதா மாதம் வாங்கும் எண்ணெய் எத்தனை லிட்டர், வீட்டில் எத்தனை பேர் என்று வகுத்துப் பார்ப்பது எந்த டயட் அட்டவணையைவிடவும் அதிகம் கற்றுத்தரும்.

முதல் வாரத்தில் குறைவது என்ன?

நம் வங்கி ஊழியர் சோற்றையும் சர்க்கரையையும் அடியோடு நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்துவிடும். வீட்டில் கொண்டாட்டம். மூன்றாவது வாரம் எடை அப்படியே நிற்கும்; மனம் உடைந்துபோகும்.

நடந்தது இது. உடம்பு கொழுப்பை மட்டும் சேமிப்பதில்லை. உடனடித் தேவைக்கென்று சர்க்கரையையும் கொஞ்சம் சேமிக்கிறது. கல்லீரலிலும் தசைகளிலும் இருக்கும் இந்தச் சேமிப்புக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். மொத்தமே அரைக் கிலோ அளவுதான். ஆனால் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் முதலில் காலியாவது இது. அதோடு சேர்ந்த தண்ணீரும் வெளியேறிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணி போதும், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி திரும்பி வந்து உட்கார. பத்து நாளில் ஐந்து கிலோ என்று விளம்பரம் செய்பவர்கள் பெரும்பாலும் விற்பது இந்தத் தண்ணீரைத்தான்.

எடைக் கருவி கொழுப்பையும் நீரையும் குடலில் இருக்கும் உணவையும் பிரித்துப் பார்க்காது. உப்பு கூடிய ஒரு நாளுக்கும் கூடாத ஒரு நாளுக்கும் நடுவே ஒரு கிலோ வித்தியாசம் சாதாரணம். அதனால்தான் வாரம் ஒரு முறை, காலையில், வெறும் வயிற்றில் பார்த்தால் போதும் என்கிறார்கள். அன்றன்றைய எடை பலரை வீணாக வாட்டுகிறது.

கணக்கு சொன்ன 14, நடந்த 7

தினமும் 300 கலோரி குறைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,10,000 கலோரி. அதை 7,700ஆல் வகுத்தால் 14 கிலோ. பல புத்தகங்களும் செல்போன் செயலிகளும் இப்படித்தான் கணக்குப் போடுகின்றன. ஆண்டு முடிவில் நம் வங்கி ஊழியர் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் எடை ஏழு கிலோ அளவில்தான் குறைந்திருக்கும். அவர் ஏமாற்றினார் என்று குடும்பம் நினைக்கும். அவரே அப்படி நினைத்துக்கொள்வார். இது எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய கெவின் ஹால், இதைக் கணிதமாக ஆராய்ந்து 2011இல் லான்செட் இதழில் எழுதினார். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. 78 கிலோவைச் சுமந்து நடப்பதைவிட 72 கிலோவைச் சுமந்து நடக்கக் குறைவான சக்தி போதும். சிறிய உடம்புக்கு ஓய்வுச் செலவும் குறைவு. ஆகவே முதல் நாளில் 300 ஆக இருந்த இடைவெளி மாதத்துக்கு மாதம் சுருங்கி, ஒரு கட்டத்தில் இல்லாமலே போகும். எடை அங்கே நின்றுவிடும். அவர் கணக்குப்படி, ஒரு மாற்றம் தரக்கூடிய மொத்தக் குறைவில் பாதி முதல் ஆண்டில் கிடைக்கும். ஏறத்தாழ முழுதும் கிடைக்க மூன்று ஆண்டு ஆகும்.

செலவு குறைவது ஒரு பக்கம். பசி கூடுவது அதைவிடப் பெரிய பக்கம். கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுக்கூடம் கண்டுபிடித்தது அது. செல்கள் சுருங்கினால் லெப்டின் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும். 2016இல் ஹாலும் மற்றவர்களும் மதிப்பிட்டபடி, எடையில் ஒரு கிலோ குறைந்தால் செலவு நாளுக்கு 20, 30 கலோரி குறைகிறது. பசியோ சுமார் 100 கலோரி கூடுகிறது.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வு இதை உருக்கமாகக் காட்டியது. பட்டினியால் வாடும் ஐரோப்பிய மக்களை மீட்பது எப்படி என்று அறிவதற்காக, ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். எடையில் கால் பங்கு குறைந்தது. அதோடு அவர்கள் உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாதவர்கள் ஆனார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். ஆய்வு முடிந்து தடை நீங்கிய பிறகும் பலருக்குப் பசி அடங்கவில்லை.

சாப்பாட்டைப் பாதியாக வெட்டும் கடும் டயட்டுகள் தோற்பதன் காரணம் இங்கே இருக்கிறது. 300 கலோரி என்பது சிறிய எண். ஆனால் உடம்பு பஞ்சம் என்று அலறாத எண். குறைத்த சோற்றின் இடத்தில் கீரை, காய், கூடவே பருப்பு, முட்டை, மீன் என்று தட்டை நிரப்பினால் வயிறும் ஏமாறாது. புரதம் நீண்ட நேரம் பசி தாங்கும். நம் தட்டில் வழக்கமாகக் குறைவாக இருப்பதும் அதுதான். (நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.)

பிறகு நடை எதற்கு?

மேலே உள்ளதைப் படித்துவிட்டு யாராவது நடையை நிறுத்தினால் இந்த அத்தியாயம் தீங்கு செய்ததாகிவிடும்.

உணவை மட்டும் குறைத்து இளைக்கும்போது, போகும் எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பு அல்ல, தசை முதலியன. உடற்பயிற்சி, குறிப்பாகக் கனம் தூக்குவது, உட்கார்ந்து எழுவது போன்றவை, அந்தத் தசையைக் காப்பாற்றும். இது எல்லோருக்கும் முக்கியம். நமக்கு இன்னும் முக்கியம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் லான்செட்டில் தங்கள் புகைப்படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்புக்குள் அளந்து பார்த்தால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லியாகவும் உள்ளே கொழுப்பாகவும் இருக்கும் உடல்வாகு இந்தியர்களிடம் பரவலாக உண்டு. ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டக் கூடாது என்று நமக்குத் தனி எல்லை வைத்திருப்பது அதனால்தான். எடைக் கருவியைவிட ஒரு தையல் டேப் நம்மைப் பற்றி அதிகம் சொல்லும்.

வேலை செய்யும் தசைக்கு இன்னொரு குணமும் உண்டு. இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ள சாதாரணமாக இன்சுலின் வேண்டும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே இழுத்துக்கொள்ளும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் பதினைந்து நிமிடம் நடப்பதன் பயன் எடையில் தெரியாது. இரத்தச் சர்க்கரையில் தெரியும்.

இதற்குச் சிறந்த சான்று சென்னையிலேயே கிடைத்தது. நீரிழிவு மருத்துவர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை முப்பது மாதம் பின்தொடர்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்குச் சோறு, சர்க்கரை, எண்ணெயில் கட்டுப்பாடும், நாளுக்கு அரை மணி நேரமாவது நடையும். (மாத்திரை கொடுத்துப் பார்த்த பிரிவுகளும் இருந்தன.) அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 39 பேருக்கு. இவர்களுக்கு எடை சொல்லும்படி குறையவே இல்லை. எடைக் கருவியை மட்டும் பார்த்திருந்தால், நூற்றுக்கு 16 பேர் நோயிலிருந்து தப்பியது யாருக்கும் தெரிந்திருக்காது.